வகிட்டின் இரு பக்கம்

தீர்த்தன் தவழக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அந்த வீட்டு வாசலில் ஒரு வேலி முளைத்திருந்தது. முள்வேலி அல்ல. ஒரு முறம், கவிழ்த்த கூடை, ஆட்டுக்குட்டியை அடைக்கும் மூங்கில் படல், இவற்றை வரிசையாக நிறுத்திக் குள்ளம்மாள் கட்டிய வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் குழந்தை. இந்தப் பக்கம் குழந்தையைப் பெற்ற சாலம்மாள்.

அன்று காலை சாலம்மாள் திருகையில் ராகி அரைத்துக்கொண்டிருந்தாள். மாவு கல்லின் ஓரத்தில் பொலபொலவென்று விழுந்தது. குழந்தை முறத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, அவளைப் பார்த்து வாயைத் திறந்து கையை நீட்டியது. அவள் கை தானாகத் திருகையை விட்டது.

"சாலா, கிட்ட வராத" என்றாள் உள்ளிருந்து வந்த குள்ளம்மாள். "மூஞ்சிய அக்கட்டால திருப்பிக்க. உன்னப் பாத்தாத்தான் அவனுக்கு அழுவ வருது."

"பசிக்குதுங்க அண்ணி, அதான் அழுவறான்."

"ஆட்டுப்பால் காச்சி வெச்சிருக்கேன். ஊத்தறதுக்கு எனக்குக் கை இருக்குது."

குள்ளம்மாள் சாலம்மாளின் கணவன் மாதேஸுக்கு அக்கா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்து, காட்டையும் ஆட்டையும் காப்பாற்றி, அவனுக்குக் கல்யாணமும் செய்து வைத்தவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஏரியூர்ப் பக்கத்து மேட்டாங்காட்டில் அவர்கள் வீட்டில் எது நடந்தாலும் அவள் வாயிலிருந்து வந்த பிறகே நடக்கும். கெட்டவள் என்று யாரும் அவளைச் சொல்ல முடியாது. பயந்தவள். பயந்தவர்கள் கையில் அதிகாரம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த முறமும் கூடையும் சாட்சி.

பிரசவமாகிக் கொஞ்ச காலத்தில் சாலம்மாளுக்குத் தலை அரிக்கத் தொடங்கியது. சீப்பு போட்டால் தவிட்டைப் போலச் செதில் உதிர்ந்தது. முதலில் பொடுகு என்று விட்டார்கள். பிறகு செதில் மஞ்சளாக, பிசுபிசுப்பாக, தலையோடு ஒட்டிக் கனத்தது. புருவத்தில் இறங்கியது. மூக்கின் இரண்டு ஓரத்திலும் சிவந்து தோல் உரிந்தது. காதுக்குப் பின்னால் வெடித்தது. கிணற்றடியில் குடம் வைக்க வந்தவர்கள் அவள் குடத்திலிருந்து தங்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் அது திரும்பிப் பார்க்கும் என்று ஊரில் ஒரு பயம். "அந்த நோவு" என்றார்கள். குஷ்டம் என்கிற பெருநோய் என்று அதற்கு அர்த்தம்.

குள்ளம்மாள் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்யாமல் இல்லை. காய்ந்த தலைதான் உதிரும் என்பது அவள் முடிவு. எண்ணெய் காணாத தலை பாழ் என்று சொல்லி, விளக்கெண்ணெயைக் கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்து ஊற்றினாள். எண்ணெய் நெற்றியில் வழிந்து புருவத்தில் தேங்கும். செதில் அதில் ஊறி இன்னும் தடித்தது. "பாத்தியா, எவ்ளோ ஊத்தினாலும் குடிக்குது. அவ்ளோ வறட்சி" என்று மேலும் ஊற்றினாள்.

பிறகு பெண்ணாகரம் சந்தையில் தைலம் விற்கும் குப்புராஜிடம் போனாள். அவன் பச்சை நிறத்தில் ஒரு சீசாவைக் கொடுத்தான். அதில் என்ன இருந்தது என்று அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. மயில்துத்தம் கலந்தது என்று ஊரில் பேச்சு. தலையில் பட்டால் தீயாக எரியும். எரிந்தால்தான் நோய் வெளியே போகும் என்பான் குப்புராஜ்.

அதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் வேலி வந்தது. தாய்ப்பால் நின்றது. வேலிக்கு அடுத்தபடியாக ஒரு பேச்சும் வந்தது.

"தை பொறக்கட்டும், ராகி அறுப்பு முடியட்டும். அதுக்குள்ள நோவு எறங்கலேன்னா இவ ஆத்தா வூட்டுக்குப் போயிரட்டும். புள்ள இங்க எங்கிட்ட வளரட்டும். கொடி அறுந்தாலும் காயவாச்சும் காப்பாத்துவோம்."

மாதேஸ் தலையைக் குனிந்துகொண்டு ஆட்டுக்குத் தழை போட்டான். அக்கா பேசும்போது அவனுக்கு எப்போதும் ஆட்டுக்குத் தழை போடும் வேலை இருக்கும்.

அன்று காலையும் அதே பேச்சு வந்தபோது சாலம்மாள் திருகையை விட்டு எழுந்தாள். "மாமா, நாளைக்குத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீ வந்தா துணை. வராட்டி நானே போறேன்."

"ஆஸ்பத்திரில அந்த நோவுன்னு எழுதிட்டா ஊரே நம்மள ஒதுக்கிரும்டி."

"இப்ப என்ன ஊரு என்னத் தூக்கி ஊஞ்சல்ல ஆட்டுதா?"

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, மேட்டில் ஏறும்போது ஆஸ்துமாக்காரரைப் போல இழுத்தது பஸ். ஏற முடியாத இடத்தில் ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள். சாலம்மாளும் தள்ளினாள். பக்கத்தில் தள்ளியவர்கள் யாரும் அவள் புருவத்தைப் பார்க்கவில்லை. பஸ் நகர வேண்டும் என்ற கவலை எல்லோருக்கும். மாதேஸ் கடைசி நேரத்தில் ஓடிவந்து ஏறியிருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சை நூலாகத் திரித்து நெற்றியில், கன்னத்தில், காதோரத்தில், கையில் தொட்டார். தொடும் இடத்தை எல்லாம் அவள் சரியாகச் சொன்னாள். மூக்கோரத்தில் தொட்டபோது கூச்சத்தில் தும்மியே விட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டு எழுதினார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கம்பவுண்டர் சவுரியப்பன். சீட்டைப் படித்து, அவளை ஒருமுறை பார்த்தார்.

"இது பெருநோய் இல்லம்மா."

அந்தப் பெயரை ஒருவர் சாதாரணமாக, கடையில் உப்பு இல்லை என்று சொல்வது போலச் சொன்னதை அவள் அன்றுதான் முதலில் கேட்டாள்.

"பெருநோய்ல பல பேருக்கு தொட்ட எடம் மரத்துப் போயிருக்கும். உனக்குத்தான் தும்மலே வந்துருச்சே. இதுக்கு இங்கிலீசுல நீளமா ஒரு பேரு இருக்கு. பொடுகுக்கு அண்ணன்னு வெச்சுக்க. தோல்ல எண்ணெய்ப்பசை ஊறற எடமாப் பாத்து வரும். தலை, புருவம், மூக்கோரம், காது மடிப்பு. ஒருத்தர் கிட்டருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது."

"பால் குடுக்கலாங்களா?"

"எதுக்குக் குடுக்கக் கூடாது?"

அவள் மாதேஸைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மருந்துக்குப் பாத்திரம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். அவள் இரண்டு கொட்டாங்கச்சிகளை நீட்டினாள். ஒன்றில் கந்தகக் களிம்பு வைத்தார். மற்றதில் கருப்பாக, ரோட்டுக்குத் தார் போடும்போது வருகிற அதே நாற்றத்தோடு, தார்க் களிம்பு.

"ரெண்டும் எதுக்குங்க?"

"எது உனக்குக் கேக்கும்னு எனக்கு உறுதியாச் சொல்லத் தெரியாது. சிலருக்கு இது, சிலருக்கு அது. கந்தகம் பாதி வெடிமருந்துக்கே போயிருதும்மா இந்த யுத்தத்துல. சிக்கனமாப் பூசு. ஒண்ணப் பூசிப் பாரு, கேக்கலேன்னா இன்னொண்ணு. ஆனா எண்ணெய் வெக்காத. பசை எறங்கற மாதிரி அலசு."

"போயே போயிருங்களா?"

சவுரியப்பன் கொஞ்சம் தயங்கினார். பொய் சொன்னால் அவள் சந்தோஷமாகப் போவாள் என்று அவருக்குத் தெரியும். "போவும். பனிக்காலத்துல திரும்ப வரலாம். வந்தா திரும்பப் பூசு. வேரோட புடுங்கறேன்னு எவனாவது சொன்னா அவன நம்பாத."

ஒன்றைப் பூசி, பிறகு இன்னொன்றைப் பூசிப் பார்க்கத் தைமாதம் வரை நேரம் இருக்கிறதா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சாலம்மாள் யோசித்தாள். ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் எது கேட்டது என்று எப்படித் தெரியும்? முதலில் பூசியது தாமதமாகக் கேட்டிருக்கலாமே. பஸ் பெண்ணாகரம் தாண்டும்போது ரோட்டோரம் ஒரு காடு தெரிந்தது. பாதியில் ஆட்டெரு போட்டு, பாதியில் மாட்டெரு போட்டு ராகி விதைத்திருந்தார்கள். ஒரே மண், ஒரே மழை. எது தழைத்தது என்று வரப்பில் நின்றாலே தெரிந்தது. அவள் கை மெல்லத் தலைக்குப் போனது. நடு உச்சியில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள்.

வீட்டில் சண்டை எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை. பெருநோய் இல்லை என்பதைக் குள்ளம்மாள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "ஆஸ்பத்திரிக்காரன் பயந்துருவாங்கன்னு அப்படித்தான் சொல்லுவான்" என்று முடித்துவிட்டாள். எண்ணெய் வைக்கக் கூடாது என்றதும்தான் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"தாலி கட்டின பொம்பள எண்ணெய் இல்லாம பரட்டையா நின்னா வூட்டுக்கு ஆவுமா? எழவு வூட்டுலதான் அப்படி நிப்பாங்க. எந் தம்பி நல்லா இருக்கறது உனக்குப் புடிக்கலியா?"

"எண்ணெய் பட்டாத்தான் இது வளருதுன்னு சொல்றாங்க அண்ணி."

"யாரு? அந்த ஆளு பொண்டாட்டி தலைக்கு என்னத்த வெக்கறா, மண்ணெண்ணெயா?"

மாதேஸ் ஆட்டுக்கொட்டகையின் பக்கம் நடக்கத் தொடங்கினான். சாலம்மாள் அவன் துண்டின் நுனியைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்கயும் போவாத. கேட்டுட்டுப் போ. அண்ணி, உங்க பேச்சுக்கும் மரியாதை, டாக்டரு பேச்சுக்கும் மரியாதை. நேர் வகிடு எடுக்கறேன். பீச்சாங்கைப் பக்கம் உங்களுது. எண்ணெய் ஊத்துங்க, குப்புராஜ் தைலம் ஊத்துங்க, என்ன வேணா ஊத்துங்க. சோத்தாங்கைப் பக்கம் என்னுது. அங்க ஒரு சொட்டு எண்ணெய் படக் கூடாது. எந்தப் பக்கம் தெளியுதோ அந்தப் பக்கத்துப் பேச்ச எல்லாரும் கேக்கணும்."

இதற்கு எங்கே கோபப்படுவது என்று குள்ளம்மாளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் தம்பியைப் பார்த்தாள்.

"நியாயமாத்தான் தெரியுதுக்கா" என்றான் மாதேஸ், துண்டை விடுவித்துக்கொண்டு.

வலப்பக்கத்தையும் சாலம்மாள் சும்மா விடவில்லை. காதிலிருந்து உச்சிவரை இன்னொரு கோடு இழுத்து முன்னும் பின்னுமாகப் பிரித்தாள். முன்னால் கந்தகம். பின்னால் தார். மூக்குக்கும் புருவத்துக்கும் வலப்பக்கம் மட்டும் கந்தகத்தைப் பட்டும் படாமல் தொட்டு வைத்தாள். அரப்புத்தூளைக் கரைத்து வலப்பக்கத்தை மட்டும் சாய்த்து அலசினாள்.

கிணற்றடியில் அது திருவிழா ஆயிற்று. எட்டி நின்றவர்கள் கூட வேடிக்கை பார்க்கக் கிட்டே வந்தார்கள்.

"சாலா, உந்தலையில மூணு வெள்ளாமையாமே. எதுல மகசூல் அதிகம்?"

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் நெலத்தப் பங்கு போட்ட மாதிரி போட்டிருக்கா பாரு."

"ராத்திரி மாமன் எந்தப் பக்கம் படுக்கறாரு? தார் நாத்தமா, வெடி நாத்தமா?"

சாலம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "அவரு ஆட்டு நாத்தத்துலயே பழகினவரு" என்றாள். சிரிப்பு எழுந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவளைச் சுற்றி எழுந்த சிரிப்பு. சிரித்தவர்களில் ஒருத்தி தன் குடத்தை நகர்த்த மறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமைதோறும் குள்ளம்மாள் எண்ணெய்க் கிண்ணமும் குப்புராஜின் சீசாவுமாக வருவாள். சாலம்மாள் மணையில் உட்கார்ந்து வலப்பக்க முடியை இறுக முடிந்துகொண்டு இடப்பக்கத்தை மட்டும் சாய்த்துக் காட்டுவாள். ஒருமுறை குள்ளம்மாள் கை தவறினாற்போல் கிண்ணத்தை வகிட்டுக்கு மேலே கொண்டுபோனாள். சாலம்மாள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அழுத்தவில்லை. விடவும் இல்லை.

"எல்லை தாண்டாதீங்க அண்ணி."

கிண்ணம் திரும்பிப் போனது.

நாளாக நாளாகப் பலன் வெளிச்சமாகத் தெரிந்தது. வலப்பக்கத்தில் செதில் கழன்று தோல் தெரிந்தது. கந்தகம் பூசிய முன்பக்கம் சீக்கிரம் சுத்தமாயிற்று, ஆனால் கொஞ்சம் வறண்டு பிடித்தது. தார் பூசிய பின்பக்கத்தில் அரிப்பு முதலில் அடங்கியது, செதில் மெல்லத்தான் போயிற்று. போதாததற்குத் தலைக்கு வைக்கும் துணியெல்லாம் கறை. இடப்பக்கம் காய்ந்த தேனடையைப் போல மஞ்சளாகப் பொருக்குக் கட்டி நின்றது. ஆனாலும் சாலம்மாளுக்குச் சந்தேகம் தீரவில்லை. களிம்பு கேட்டதா, எண்ணெயை நிறுத்தி அரப்பில் அலசியது கேட்டதா? இரண்டும் ஒரே பக்கத்தில் அல்லவா நடந்தன. அதைப் பிறகு பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். இப்போதைக்கு இவ்வளவு போதும். அவள் குள்ளம்மாளை வெயிலுக்கு அழைத்து வந்து தலையைக் குனிந்து காட்டினாள்.

"பாருங்க அண்ணி. இனி நீங்களே சொல்லுங்க."

குள்ளம்மாள் வெகுநேரம் பார்த்தாள். விரலால் தொடக்கூடச் செய்தாள். பிறகு சொன்னாள்: "குப்புராஜ் போன சந்தையிலயே சொன்னாரு. தைலம் நோவ வெளிய தள்ளுதாம், அதான் இந்தப் பக்கம் பொங்கி நிக்குது. உங் களிம்பு உள்ள அமுக்கிருச்சாம். உள்ள அமுங்கினதுதான் ஆபத்து."

சாலம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கண்ணால் கண்டதைக் கூட ஒரு வாய்ப்பேச்சு புரட்டிப் போட்டுவிட்டது. பயத்துக்கு எந்தப் பக்கம் காட்டினாலும் பயமாகவே தெரியும். வேலி அப்படியே நின்றது.

அந்த வாரத்திலேயே தீர்த்தனின் உச்சியில் மஞ்சளாக ஒரு படை தெரிந்தது. சின்னதுதான். மெழுகு சிந்திக் காய்ந்தது போல. குழந்தை அதை அறியாமல் முறத்தைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. குள்ளம்மாள் போட்ட கூச்சலில் பக்கத்துக் காட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"உள்ள அமுங்கினது புள்ள மேல பாஞ்சிருச்சு. நான் சொன்னேன், யாரு கேட்டீங்க."

சாலம்மாள் தண்ணீர் எடுத்துத் திரும்பியபோது வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. முறம் கவிழ்ந்து கிடந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு குள்ளம்மாள் பெண்ணாகரம் சந்தைக்குப் போய்விட்டாள் என்று ஆடு மேய்ப்பவன் சொன்னான். எதற்குப் போயிருப்பாள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பச்சைத் தைலம் தன் தலையில் எரிந்த எரிச்சலைச் சாலம்மாள் அறிவாள். அந்த உச்சியில் எலும்புகூட இன்னும் மூடவில்லை.

அவள் குடத்தை அங்கேயே போட்டாள். எதிரே வந்த சோளத்தட்டு வண்டியை நிறுத்தி ஏறினாள்.

சந்தையில் குப்புராஜைச் சுற்றி எப்போதும் போலக் கூட்டம். துணி விரித்து, அதன்மேல் சீசாக்களை அடுக்கி, நடுவில் ஒரு உடும்புத் தோலைப் போட்டிருந்தான். அவன் எதிரில் குள்ளம்மாள் மடியில் தீர்த்தன். குப்புராஜ் சீசாவின் தக்கையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான். சாலம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய், ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையைக் குள்ளம்மாள் மடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மாதக்கணக்கில் தொடாத பிள்ளை. குழந்தை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தது.

"தொடாதடி" என்று எழுந்தாள் குள்ளம்மாள்.

"தொட்டுட்டேன் அண்ணி. இனி விடறதா இல்ல."

"ஏம்மா, மருந்து போடற நேரத்துல இதென்ன அழும்பு" என்றான் குப்புராஜ். "ஒரு சொட்டு, நோவு அலறிட்டு ஓடும்."

"அலறப்போறது எம் புள்ள. முதல்ல உங்க தலையில ஊத்திக்குங்க. பாக்கலாம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். குப்புராஜ் மீசையைத் தடவினான். "இது நோயாளிக்குத்தான் மருந்து. நல்ல தோலுக்கு ஆகாது."

"நல்ல தோலுக்கு ஆகாதது, பால் குடிக்கற தோலுக்கு ஆகுமா?"

அப்போது மாதேஸ் வந்து சேர்ந்தான். அவன் காலையிலேயே ஆடு விற்கச் சந்தைக்கு வந்திருந்தவன். ஆட்டை விற்று முடித்து, மரத்தடியில் முகம் மழித்துக்கொண்டு, சோப்பு நுரை காதோரம் காயாமல், சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தான். மனைவியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். தழை போடுவதற்கு அங்கே ஆடு எதுவும் இல்லை. மெல்லக் குனிந்து, குப்புராஜின் கையிலிருந்து சீசாவை வாங்கினான். உள்ளங்கையில் ஊற்றி, புதிதாய் மழித்த தன் தாடையில் அழுந்தத் தேய்த்தான்.

ஒரு கணம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தாடை ரத்தமாகச் சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா" என்றான். "இதத்தான் புள்ள உச்சியில ஊத்த வந்தியா?"

யாரோ ஒரு சொம்பு தண்ணீரை அவன் முகத்தில் அடித்தார்கள். சாலம்மாள் முந்தானையை விலக்கி, வகிட்டை விரலால் பிரித்து, கூட்டத்தின் முன் தலையைக் குனிந்தாள். இத்தனை மாதம் மூடி மூடி வைத்த தலை.

"எல்லாரும் பாருங்க. வெக்கப்பட எனக்கு ஒண்ணுமில்ல. பீச்சாங்கைப் பக்கம் இவரு தைலம். சோத்தாங்கைப் பக்கம் ஆஸ்பத்திரிக் களிம்பு. ஒரே தலை. நோவு உள்ள அமுங்குதா வெளிய தள்ளுதான்னு இவரு சொல்ல வேணாம். உங்க கண்ணு சொல்லட்டும்."

குனிந்து பார்த்தவர்களில் முன்பு அதே தைலத்தை வாங்கியவர்களும் இருந்தார்கள். ஒருவர் தன் சீசாவைத் துணியின்மேல் திரும்ப வைத்தார். இன்னொருவரும் வைத்தார். குப்புராஜ் உடும்புத் தோலைச் சுருட்டத் தொடங்கினான்.

அங்கிருந்தே தருமபுரிக்குப் பஸ் ஏறினார்கள். குள்ளம்மாள் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். தம்பியின் சிவந்த தாடையை அடிக்கடி பார்த்தாள். குழந்தை தாய் மடியில் பால் குடித்துவிட்டுத் தூங்கியது. பால் கிட்டத்தட்ட வற்றிப்போயிருந்தது. கிடைத்ததைக் குடித்தது.

சவுரியப்பன் குழந்தையின் உச்சியைப் பார்த்ததும், "இதுக்கா இவ்ளோ தூரம்" என்றார். "பச்சக் கொழந்தைங்க நெறைய பேருக்கு வர்றதுதான். உங்கிட்டருந்து ஒட்டினதில்ல. கந்தகம், தார் எதுவும் வேணாம். கொஞ்சூண்டு எண்ணெயத் தொட்டு ஊற வெச்சு, மெத்துனு தேச்சு, சுத்தமா அலசி எடுத்துருங்க. தானாப் போயிரும்."

"எண்ணெயா?" என்று குள்ளம்மாள் தலையை நிமிர்த்தினாள். காலையிலிருந்து அவள் முகத்தில் உயிர் வந்தது அப்போதுதான். "நான் என்ன சொன்னேன்?"

"அலசி எடுக்கணும்னும் சொன்னேங்கம்மா" என்றார் சவுரியப்பன். "ஊத்தி ஊற விட்டுட்டுப் போவக் கூடாது."

சாலம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்களே செய்யுங்க அண்ணி. உங்க கை பழகின கை." பிறகு கம்பவுண்டரிடம் திரும்பினாள். "எடப்பக்கம் இனி எண்ணெய் கெடையாது. வெறும் அரப்பு மட்டும் போட்டுப் பாக்கறேன். களிம்பு எவ்ளோ செஞ்சுது, அலசல் எவ்ளோ செஞ்சுதுன்னு தெரியணும்ல."

"தெரிஞ்சா எனக்கும் வந்து சொல்லு" என்றார் அவர், உண்மையாகவே.

குள்ளம்மாள் மருமகளுக்குச் சமமான அந்தப் பெண்ணின் தோளை முதன்முறையாகத் தொட்டாள். "சரி, போவட்டும். அந்த நோவு இல்லேன்னு ஆயிப்போச்சு. இனிமே புள்ளைய நீயே வெச்சுக்க. எனக்கும் கண்ணு தெறந்துது."

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வராந்தாவில் ஆட்கள் சுவரோரம் நெருக்கியடித்து நின்றார்கள். ஆனால் ஒரு நீள பெஞ்சு கிட்டத்தட்டக் காலியாகவே கிடந்தது. அதன் ஒரு மூலையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். கைவிரல்களில் துணி சுற்றியிருந்தது. முகத்தில் தோல் தடித்துப் புருவம் உதிர்ந்திருந்தது.

சாலம்மாள் பெஞ்சை நோக்கி நடந்தாள். குள்ளம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க ஒக்காராத. இது நெசமாவே அந்த நோவு."

சாலம்மாளின் கால் நின்றது. நின்றது மட்டுமல்ல, ஒரு அடி பின்னாலும் வந்தது. அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அந்த மனிதர் அதைப் பார்த்தார். பார்த்துப் பழகியவர். துணி சுற்றிய கையால் தன் சோற்று மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனார்.

"ஒக்காரு தாயி. நான் அப்படி வெயில்ல நிக்கறேன். பெஞ்சு சர்க்காருதுதான், ஆனா ஜனங்க எனக்கே எழுதி வெச்சுட்டாங்க."

பின்வைத்த அந்த அடி சாலம்மாளைச் சுட்டது. தன் வீட்டு வாசலில் முறத்தை வைத்த கை குள்ளம்மாளுடையது. இங்கே வைக்கப்போனது தன் கை. முந்தானையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"எந்திரிக்காதீங்கண்ணா. உங்க பேரு என்னங்க?"

அவர் திகைத்தார். அங்கே அவரிடம் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. "ராஜப்பன்" என்றார்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் போட்டுக்கொண்டாள். மாதேஸ் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு, அவளுக்கும் ராஜப்பனுக்கும் நடுவில் இருந்த இடத்தில் தானும் உட்கார்ந்தான்.

"சாலா, உனக்கு அந்த நோவு இல்லேன்னு இப்பத்தான தெரிஞ்சுது" என்றாள் குள்ளம்மாள் கெஞ்சும் குரலில். "வேணும்னே போயி ஒக்காரணுமா?"

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன். எனக்கு இல்லாமப் போனதால புள்ளையக் குடுத்தீங்க. இருந்திருந்தா? அப்பவும் நான்தான அவனுக்கு ஆத்தா. பனி வந்தா எனக்கு இது திரும்ப வரும், ஆஸ்பத்திரிலயே சொல்லிட்டாங்க. அப்ப திரும்ப முறத்த எடுத்து வெப்பீங்களா?"

குள்ளம்மாள் மாதேஸின் சிவந்த தாடையைப் பார்த்தாள்.

"நோவு இல்லேன்னு நிரூபிச்சாத்தான் மனுசின்னு ஒத்துக்குவேன்னா, அந்த நியாயம் எனக்கு வேணாம். பெருநோயோ சிறுநோயோ, நோவுக்குப் பேரு சொல்லி மருந்து பூசணும். மனுசனுக்கு வேலி போடக் கூடாது. நான் இங்கதான் ஒக்காருவேன்."

வராந்தாவில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். சாலம்மாள் குரலைத் தாழ்த்தவில்லை.

பெஞ்சின் மறுமூலையில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. குள்ளம்மாள் வெகுநேரம் நின்றாள். பிறகு சேலையைக் காலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆற்றில் இறங்குகிறவளைப் போல, மெல்ல வந்து உட்கார்ந்தாள்.